நூத்தியெம்பது வாட்ஸ்

மேல வேண்டாமுங்க சார், மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா இந்தப் பஸ்காரன் பிரேக் போடற போடுக்கு எவன் தலையிலயாவது விழும், அதுக்கும் நாந்தான் பதில் சொல்லோணும். கனமெல்லாம் இல்லீங்க. அடாப்டரு. லேப்டாப்புக்குச் சார்ஜ் போட ஒரு கறுப்பு டப்பா இருக்குமே, அதே சாதிதான். ரெண்டு டப்பா. இந்த ரெண்டு டப்பாவுக்காக நேத்து கோயமுத்தூர்ல இருந்து பெங்களூர் போயி, லாட்ஜ்ல தங்கி, இன்னைக்குக் காலைல அந்தக் கம்பெனி ஆபீஸ்ல போட்ட சத்தத்துல தொண்டை கட்டிப்போச்சு. எங்குரல் எப்பவும் இப்படித்தான்னு நெனைச்சுக்காதீங்க.

நீங்க எங்க எறங்கறீங்க? அவிநாசியா? சரி, நெறைய நேரம் கெடக்கு. முழுசாக் கேட்டுட்டு ஞாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு சிவராசு. கணபதில பதினெட்டு வருசம் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருந்தேன். எரிஞ்சு போன மோட்டாரப் பிரிச்சு, செப்புக் கம்பி புதுசாச் சுத்திக் குடுக்கற வேலை. போர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், மில்லு மோட்டார், எல்லாம் எங்கையில வந்து போயிருக்கு. மோந்து பாத்தே எந்தப் பக்கம் கருகியிருக்குன்னு சொல்லுவேன். எதுக்குச் சொல்றேன்னா, கரண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன் இல்ல நான். அத மனசுல வெச்சுக்கங்க.

அஞ்சு வருசத்துக்கு முந்தி அந்தக் கடையக் குடுத்துட்டு, சரவணம்பட்டில ரேஸ் சிமுலேட்டர் கடை போட்டேன். பாத்திருக்கீங்களா? இரும்புச் சட்டத்துல ஒரு கார் சீட்டு, முன்னால பெரிய டிவி, கால்ல பெடல், கைல ஸ்டீயரிங். உக்காந்து ஓட்டினா நெசமாவே ரேஸ் கார்ல போற மாதிரி இருக்கும். ஐ.டி. கம்பெனிக்காரங்க, காலேஜ் படிக்கறவங்க எல்லாம் வருவாங்க. மூணு செட்டு போட்டிருக்கேன்.

அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்கும், வீல் பேஸும்பாங்க. அதுதாங்க அதுக்கு உசுரு. உள்ள ஒரு மோட்டார். வளைவுல நீங்க திருப்புனா, அது உங்க கைய எதிர்த்து இழுக்கும். எவ்வளவு வேகமா வளையறீங்களோ அவ்வளவு பலமா இழுக்கும். அந்த இழுப்பை வெச்சுத்தான் டயர் ரோட்டைப் புடிக்குதா வழுக்குதான்னு ஓட்டறவங்களுக்குத் தெரியும். அது செத்துப்போச்சுன்னா கண்ணைக் கட்டிவிட்ட கணக்குத்தான்.

எம்பட சம்சாரம் பேரு சாந்தாமணி. நாப்பத்திரண்டு வயசு. கடைல பில் போடறதுக்குத்தான் உக்கார வெச்சேன். மத்தியானம் கூட்டமில்லாதப்ப சும்மா உக்காந்து ஓட்டிப் பாத்திருக்கா, நான் கண்டுக்கல. ஸ்கூட்டியே அவ முப்பத்தஞ்சு வயசுக்கு மேலதான் பழகினா, இது என்னத்த ஓட்டப்போறான்னு விட்டுட்டேன். ஒரு நாள் கஸ்டமர் ஒருத்தர் டிவில இருக்கற லிஸ்டைப் பாத்துட்டு, “யாருண்ணா இந்த எஸ்.எம்.? என்னைவிட ரெண்டு செகண்ட் முன்னால நிக்கறாங்க”ங்கறாரு. நான் முழிக்கறேன். திரும்பிப் பாத்தா இவ பில் புக்குக்குப் பின்னால தலையக் குனிஞ்சுக்கிட்டா.

“அம்மிணி, நீயா?”ன்னேன்.

“வேகமெல்லாம் போறதில்ல மாமா. பிரேக்கைக் கொஞ்சம் லேட்டாப் புடிக்கறேன், அவ்வளவுதான்”னா.

நம்ம ஸ்டேட்ல இருக்கற சிமுலேட்டர் கடைக்காரங்க சேந்து ஒரு லீக் நடத்தறோம். எட்டு வாரம், ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு ரேஸு, எட்டும் ஒரே டிராக்குதான். அவங்கவங்க கடைல உக்காந்தே நெட்டுல ஓட்டறதுதான். மொதல்ல வர்றவங்களுக்கு செட்டிப்பாளையம் டிராக்ல நெச ரேஸ் கார்ல ரெண்டு நாள் ஓட்ட விடுவாங்க. காசு குடுத்தாலும் நம்மளாட்ட ஆளுகளுக்குக் கெடைக்காத சான்ஸு. கடை சார்பா இவ பேரைக் குடுத்தேன். மொத அஞ்சு வாரத்துல நாலு ரேஸு இவதான் ஜெயிச்சா. வீட்டுல ஒரு நாள் பாக்கறேன், டெய்லர் டேப்பு எடுத்துத் தலையச் சுத்தி அளந்துட்டு இருக்கறா. என்னம்மான்னா, ஹெல்மெட் சைஸு பாக்கறாளாம்! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனாப் பெருமையாவும் இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொன்னேன்.

இப்ப கெரகம் எப்படிப் புடிச்சுதுன்னு கேளுங்க. ஆறாவது வாரம், ஒண்ணாம் நம்பர் செட்டுல வீல் பேஸ் படுத்துருச்சு. இவ ஓட்டற செட்டு. வாரண்டி இருக்கு. கம்பெனிக்குப் போன் போட்டேன். “பேஸை மட்டும் அனுப்புங்க சார், அடாப்டர், கேபிளெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க, வேற பேஸ் அனுப்பறோம்”னாங்க. நாலே நாள்ல வந்துருச்சு. பரவால்லயே, நல்ல கம்பெனின்னு நான் மெச்சிக்கிட்டேன் சார். இந்த வாயால மெச்சினேனேன்னு இப்ப வாயிலயே போட்டுக்கலாமாட்ட இருக்குது.

அதே பேரு. அதே பெட்டி. அதே கறுப்புக் கலரு. பிளக்கு போற ஓட்டை கூட அதே ஓட்டை. ஆனா உள்ள வேற! ரெண்டாவது ரிவிசனாம். அடியில கவுத்துப் பாத்தா எறும்பு சைஸுல எழுதியிருக்கான். பழைய பேஸுக்குத் தொண்ணூறு வாட்ஸ் அடாப்டர் போதும். புதுசுக்கு நூத்தியெம்பது வேணும். டபுளு! டபுள் கரண்டு தின்னற சாமானத்த அனுப்பறவன், அதுக்கு ஒரு அடாப்டரக் கூட வெச்சு அனுப்ப மாட்டானா? இட்லி பார்சல் கட்டறவன் கேக்காமயே சட்னி வெக்கறான் சார். இவன் படிச்ச இன்சினியரு.

ஒரு காகிதச் சீட்டு வெச்சிருந்தான், இல்லேங்கல. பெட்டிக்குள்ள, உள்ளங்கை அகலத்துக்கு. இங்கிலீஷ்ல. சாந்தாமணி பி.காம்., எதையும் எழுத்து விடாமப் படிப்பா. படிச்சுட்டு வந்து, “மாமா, இது புது வெர்சனாம். நம்ம பழைய அடாப்டரு பத்தாதாம். இந்த நம்பருக்குப் போன் பண்ணினா பெரிய அடாப்டரு ஃப்ரீயா அனுப்பறாங்களாம்”னா.

நான் பாத்தேன். பிளக்கு போகுதா? போகுது. லைட்டு எரியுதா? எரியுது. வோல்ட்டு? ரெண்டும் இருவத்திநாலுதான். அப்புறம் என்ன? பதினெட்டு வருசம் கம்பி சுத்தினவனுக்கு பில் போடறவ கரண்டு பாடம் எடுக்கறாளாக்கும்னு தோணுச்சு. அதுவுமில்லாம அந்த அடாப்டரோட கேபிள், சட்டத்துக்குள்ள பூந்து போயி சீட்டுக்கடில வருது. நானே ரெண்டு நாள் உக்காந்து நாப்பத்திரண்டு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருக்கேன். ஒரு ஒயரு வெளிய தெரியாது. வர்றவனெல்லாம் போட்டோ புடிச்சுட்டுப் போவான். அதையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு மறுபடியும் எவன் கட்டறது? “அவன் அப்படித்தான் எழுதுவான், நீ போயி பில்லைப் பாரு”ன்னு சொல்லிட்டு புது பேஸை மட்டும் மாட்டினேன். அந்தச் சீட்டை நாலா மடிச்சு, சட்டத்தோட ஒரு காலு ஆடிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கடில சொருகிட்டேன்.

ஆறாவது வாரம் அவளுக்கு மூணாவது எடம். ரேஸ் முடிஞ்சதும் எறங்கி வந்து, “மாமா, அந்த நீள வளைவுல வீல் செத்துருது. ஒரு செகண்டு அப்படியே தொவண்டுபோயி, மறுபடியும் உசுரு வருது”ங்கறா. சரின்னு நான் உக்காந்து ஓட்டிப் பாத்தேன். ஒண்ணுமே ஆகல. அரைமணி நேரம் ஓட்டினேன் சார்! கஸ்டமரு நாலு பேர உக்கார வெச்சுப் பாத்தேன். அவங்களுக்கும் ஒண்ணும் ஆகல. ஊருக்கே ஓடற வீலு உனக்கு மட்டும் ஏம்மா சாகுது, உங்கையில தெம்பு இல்ல, முட்டை சாப்புடுன்னேன்.

இப்பத்தானே தெரியுது. நாங்க ஓட்டற வேகத்துக்கு அது தொண்ணூறு வாட்ஸைத் தாண்டவே தாண்டாது. இவ அந்த வளைவுல போற வேகத்துல மோட்டாரு இழு இழுன்னு இழுக்குது, அடாப்டரு தாங்காமப் படக்குனு ஆஃப் ஆகுது, திருப்பி ஆன் ஆகுது. எங்க கடைலயே அந்த வேகத்துல ஓட்டத் தெரிஞ்சவ இவ ஒருத்தி. அதனால இவளுக்கு மட்டும் சாகுது. பாத்தீங்களா கம்பெனிக்காரன் பண்ணின அநியாயத்த?

ஏழாவது வாரமும் அதே. “அந்த அடாப்டருக்கு ஒரு போன் பண்ணிப் பாக்கலாமே மாமா”ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. தோத்தா சாக்கு சொல்றது எனக்குப் புடிக்காது. “ஆடத் தெரியாதவளாட்டப் பேசாதே”ன்னேன். அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசல. அந்த வளைவு வர்றதுக்கு முந்தியே வேகத்தைக் கொறைச்சு ஓட்டிப் பழகிக்கிட்டா. நேரம் போகுமில்ல? போச்சு. அதை வேற எடத்துல பிரேக்கை இன்னும் லேட்டாப் புடிச்சு ஈடுகட்டினா. எப்படிக் கட்டினாளோ.

எட்டாவது வாரம் கடைசி ரேஸு. இவளும் மதுரைக்காரர் ஒருத்தரும் ஒரே பாயிண்ட்டு. யாரு முன்னால வர்றாங்களோ அவங்களுக்குச் செட்டிப்பாளையம். கடைல முப்பது பேரு கூடிட்டாங்க. நான் எல்லாருக்கும் ஜிகர்தண்டா சொல்லியிருந்தேன். கடைசி ரவுண்டு வரைக்கும் இவதான் முன்னால. அந்த நீள வளைவு வருது, மதுரைக்காரர் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வர்றாரு. கொறைச்சா அவரு தாண்டிருவாரு. இவ கொறைக்கல. உள்ள விட்டா பாருங்க, அப்பத்தான் வீலு செத்துது. கை ரெண்டும் சும்மா ஒரு பக்கமாப் போச்சு. நேரா செவுத்துல. நாலாவதா வந்தா.

எனக்கு அவமானமாப் போச்சு சார். முப்பது பேரு நிக்கறாங்க, ஒறம்பரை வேற வந்திருக்காங்க. “கைய விட்டுட்டா! பில் போடறவளக் கொண்டு போயி ரேஸுல உக்கார வெச்சேன் பாரு, எம்புத்தியச் சொல்லோணும்”னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். நாலு பேரு சிரிச்சாங்க. அவ கிளவுஸைக் கழட்டி, ஒண்ணுமேல ஒண்ணா மடிச்சு சீட்டு மேல வெச்சா. “அடுத்த ஆளுக்கு நேரமாச்சு, யாரு வர்றீங்க?”ன்னு கேட்டுட்டு பில் டேபிளுக்குப் போயி உக்காந்துட்டா. அழுகல, ஒண்ணுமில்ல. அவளுக்கு அதெல்லாம் மனசுல நிக்காது.

பத்து நாள் கழிச்சு, மழைத்தண்ணி உள்ள வந்துருச்சுன்னு அந்தச் செட்டை நகத்தறேன். சட்டத்தோட காலுக்கடில அந்தக் காகிதச் சீட்டு. ஈரம் பட்டு மசி ஊறியிருக்கு, ஆனா நம்பரு தெரியுது. நூத்தியெம்பது. மறுநாளே சிங்காநல்லூர்ல தெரிஞ்ச கடைல ஒரு பெரிய அடாப்டரு கைமாத்தா வாங்கி, டையை வெட்டாம வெளியவே தொங்கவிட்டு மாட்டி, இவ அளவுக்கு வேகமா ஓட்டற வேற கடை ஆள் ஒருத்தரைக் கூப்புட்டு அந்த வளைவுல விடச் சொன்னேன். வீலு சாகல. பத்துத் தடவை விட்டாரு. பத்துத் தடவையும் சாகல.

எனக்கு ரத்தம் கொதிச்சுது சார். எப்பேர்ப்பட்ட பொம்பள! அவ கையில ஒரு கொறையும் இல்ல. செட்டிப்பாளையத்துல ஹெல்மெட் போட்டுக்கிட்டு உக்கார வேண்டியவ. ஒரு டப்பா, இத்தனூண்டு டப்பா இல்லாம அவ தோத்தா. நாலு மெயில் அடிச்சேன். பதிலு வருது, “தங்கள் கருத்துக்கு நன்றி”ன்னு. நன்றியாமா! அதான் கெளம்பிட்டேன்.

அங்க ஒரு மேனேஜரு. கழுத்துல கார்டு. திருச்சிப் பக்கத்து ஆளு, தமிழ்லயே பேசினாரு. நான் பேசப் பேச எழுதிக்கிட்டாரு. அப்புறம் கேக்கறாரு, “பெட்டில சீட்டு இருந்துச்சுங்களா சார்?”

“இருந்துச்சு.”

“படிச்சீங்களா?”

“எம்பட சம்சாரம் படிச்சா.”

“உங்ககிட்டச் சொன்னாங்களா?”

“சொன்னா. இப்ப அதுவா பேச்சு?”ன்னு டேபிளைத் தட்டினேன். அந்த ஹால்ல இருக்கற அத்தனை பேரும் எந்திரிச்சுப் பாக்கறாங்க. பாக்கட்டும். நான் பயப்படற ஆளா?

அவரு உள்ள போயி இந்த டப்பா ரெண்டையும் கொண்டு வந்தாரு. ஒண்ணுதான் வேணும், இன்னொண்ணு எம்பட வாயடைக்கறதுக்கு. டேபிள் மேல வெச்சு மெதுவா எம்பக்கம் தள்றாரு. “இதோட விட்டுரலாம் சார்”ங்கறாரு.

விட்டுரலாமா? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பொருளைக் குடுத்துட்டா தீந்துச்சா? நான் அடாப்டருக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? அடாப்டரு எங்கூர்லயே கெடைக்குது. ஒரு மனுசி கண்ணு முழிச்சு, கையி காச்சுப்போயி எட்டு வாரம் ஓட்டியிருக்கா. ஊரு முன்னால தலை குனிஞ்சிருக்கா. “தப்பு எங்க மேல, அந்தம்மா மேல இல்ல”ன்னு ஒரு வார்த்தை சொல்லு. வாயத் தொறந்து சொல்லு. சொன்னா வாயில முத்தா உதுந்துரும்? அந்த ஒரு வார்த்தைக்குத்தான்யா ஒரு மணி நேரமாக் கத்தறேன்னேன். அவரு பேனாவை மூடி வெச்சுட்டு, “கம்பெனில அப்படிச் சொல்றதுக்கு வழியில்ல சார், டப்பாவை எடுத்துக்கங்க”ங்கறாரு. கல்நெஞ்சம். செஞ்ச தப்பைத் தப்புன்னு சொல்ல முடியாதவனெல்லாம் என்ன மனுசன் சார்? என்ன சோறு திங்கறான்?

அந்த ஆத்திரத்துல எந்திரிச்சு வந்துட்டேன். டப்பாவை எடுத்துக்கிட்டேன், விடுவனா.

இப்ப அடுத்த லீக்குக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேரு குடுக்கோணும். ஓட்டறவங்களே அவங்க போன்ல இருந்து குடுக்கோணும், கடைக்காரன் குடுக்க முடியாது. அங்கதாங்க இப்ப ஒரு சிக்கலு. அன்னைல இருந்து சாந்தாமணி அந்தச் சீட்டுல உக்காரவே இல்ல. கடைக்கு வர்றா, பில் போடறா, தொடைக்கறா. ஒண்ணாம் நம்பர் செட்டை மட்டும் சுத்திக்கிட்டுப் போறா. அந்தக் கிளவுஸ் மடிச்ச மடிப்பு அப்படியே இருக்குது. நாலஞ்சு தடவை சொன்னேன், பேரு குடு, பேரு குடுன்னு. “பாக்கலாம்”ங்கறா. மாமாங்கற வார்த்தையே நின்னுபோச்சு, அத நீங்க கவனிச்சுக்கங்க. எல்லாம் அந்தக் கம்பெனி பண்ணின வேலை. நல்லா இருந்த பொம்பளைய இப்படி ஆக்கிட்டான்.

ஆனா நான் விடமாட்டேன். இன்னைக்குப் போனதும் மொத வேலையா அந்த நாப்பத்திரண்டு டையையும் வெட்டி எறிஞ்சுட்டு, இதை மாட்டி, புதுசாக் கட்டி, “எல்லாம் சரியாயிருச்சு, வந்து உக்காரு”ன்னு சொல்லப்போறேன். வந்துதானே ஆகோணும்? வீலு சாகாது. இனி அவளுக்கு என்ன கொறை?

என்னங்க? என்ன கேட்டீங்க?

அவகிட்டயா? நானா?

ஏனுங்க சார், அந்த வார்த்தைய அவகிட்ட நான் எதுக்குங்க சொல்லோணும்? அவ மேல தப்பில்லேன்னு அவளுக்குத் தெரியாதா? அடாப்டரு பத்தாதுன்னு எனக்கு மொதமொதச் சொன்னவளே அவதானுங்க. ரெண்டு தடவை சொன்னா. போன் பண்ணிப் பாக்கலாமே மாமான்னு...

உங்ககிட்ட தண்ணி இருக்குங்களா சார்? ஒரு வாய் குடுங்க.